டிவி ரியாலிட்டி ஷோவில் ஆடம்பர வீடு விற்கும் ஏஜென்ட் ஆவது எப்படி?

அமெரிக்க ஆடம்பர வீட்டு ஏஜென்ட்களைப் பற்றிய நெட்ஃபிளிக்ஸின் ‘செல்லிங் சன்செட்’ நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்கள் பலர், முதலில் கேமரா, மற்றதெல்லாம் பிறகு என்று கணக்குப் போடுகிறார்கள். தயாரிப்பாளர்கள் ஆள் எடுக்கும் விதம் வேறு. கையில் விற்பனைக்கு வீடு இல்லாத ஏஜென்டை வைத்து எபிசோடு எடுக்க முடியாது. நியூயார்க் ஏஜென்ட் ரயன் செர்ஹான்ட் முன்பு டிவி சீரியலில் நடித்தவர்தான். ஆனாலும் 2008-இல் வீடு விற்கும் தொழிலுக்கு வந்த அவர், பிராவோ சேனலின் ‘மில்லியன் டாலர் லிஸ்டிங் நியூயார்க்’ தொடங்கிய 2012-இல்தான் திரையில் வந்தார்.

முதலில் லைசென்ஸ். கலிஃபோர்னியாவில் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். தலா 45 மணி நேரம் கொண்ட மூன்று பாடங்கள், ஆக மொத்தம் 135 மணி நேரம். பிறகு கைரேகைச் சோதனையும் 150 கேள்விகள் கொண்ட தேர்வும். தேற 70 சதவீதம், அதாவது 105 சரியான விடைகள் வேண்டும். நியூயார்க்கில் 77 மணி நேர வகுப்பு, 75 கேள்விகள், அங்கும் 70 சதவீதம்தான். கலிஃபோர்னியா லைசென்ஸ் நான்கு ஆண்டுகளுக்கும் நியூயார்க் லைசென்ஸ் இரண்டு ஆண்டுகளுக்கும் செல்லும். இரண்டு மாநிலங்களிலும் ஒரு புரோக்கரின் (மேல்நிலை லைசென்ஸ் பெற்றவர்) கீழ்தான் வேலை செய்ய முடியும். கமிஷனும் அவர் வழியாகத்தான் வரும்.

அப்பா பெயரை இனிஷியலாக வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வகுப்புச் சான்றிதழ், தேர்வு விண்ணப்பம், அடையாள அட்டை மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். இல்லாவிட்டால் தேர்வு மையத்தின் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம். எச்-1பி விசாவில் இருப்பவர் தேர்வு எழுதித் தேறிவிடலாம். ஆனால் அந்த விசா ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. கமிஷனுக்காகத் தனியாக இந்த வேலையைச் செய்ய அது இடம் தராது.

அடுத்து எந்த அலுவலகத்தில் சேர்வது என்ற முடிவு. நிகழ்ச்சிகள் இரண்டு வகை. ‘செல்லிங் சன்செட்’, ‘செல்லிங் தி ஓசி’, ‘ஓனிங் மன்ஹாட்டன்’ போன்றவை ஒரே நிறுவனத்தைச் சுற்றி நடக்கும். அதற்குள் நுழைய அந்த நிறுவனத்தில் சேர்வதுதான் வழி. ‘மில்லியன் டாலர் லிஸ்டிங்’ வகை, வெவ்வேறு நிறுவனங்களிலிருந்து தனித்தனி ஏஜென்ட்களை எடுக்கும். அதற்கு உங்கள் பெயரில் விற்பனை வரலாறு வேண்டும். எதுவானாலும் தொடக்கத்தில் ஒரு மூத்த ஏஜென்டின் டீமில் சேர்ந்து ஓப்பன் ஹவுஸ் (வருபவர் எல்லோரும் பார்க்க வீட்டைத் திறந்து வைப்பது) நடத்துவது, வாங்குபவர்களுக்கு வீடு காட்டுவது, வாடகை முடித்துக் கொடுப்பது என்றுதான் வேலை இருக்கும். சேருமுன் கேளுங்கள்: கமிஷனில் எனக்கு எத்தனை பங்கு? அலுவலகத்தில் இடத்துக்கு மேசைக் கட்டணம் உண்டா? படம், வீடியோ செலவு யாருடையது? நான் விலகினால் என் லிஸ்டிங்குகள் (விற்றுத்தர ஒப்புக்கொண்ட வீடுகள்) யாரிடம் இருக்கும்?

திரையில் ஒளிரும் கமிஷன் தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். 80 லட்சம் டாலர் வீட்டில் ஒரு பக்கத்துக்கு (விற்பவர் அல்லது வாங்குபவர் தரப்புக்கு) 2.5 சதவீதம் பேசியிருந்தால் 2,00,000 டாலர். 70-30 பங்கில் புரோக்கர் போக 1,40,000. டீம் தலைவருக்குப் பாதி என்றால் மிஞ்சுவது 70,000. அதிலிருந்துதான் சுயதொழில் வரி, மத்திய, மாநில வருமான வரி, விளம்பரச் செலவு எல்லாம். வரியைக் காலாண்டுக்கு ஒருமுறை நீங்களே கட்ட வேண்டும், யாரும் பிடித்துக்கொண்டு தர மாட்டார்கள். இந்த விலையில் ஒரு வீடு ஓராண்டு விற்காமல் கிடப்பதும் சாதாரணம். ஓராண்டுச் செலவுக்கான பணம் கையிருப்பில் இல்லாமல் முழுநேரமாக இறங்கினால், முதல் விற்பனை முடிவதற்குள் வேறு வேலை தேட வேண்டிவரும்.

வரைபடத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 2023 ஏப்ரல் 1 முதல் ‘மெஷர் யு.எல்.ஏ’ என்று, சொத்து கைமாறும்போது கட்டும் வரி ஒன்று உண்டு. தொடங்கியபோது 50 லட்சம் டாலருக்கு மேல் 4 சதவீதம், ஒரு கோடியிலிருந்து 5.5 சதவீதம். வரம்புகள் ஆண்டுதோறும் ஜூலையில் திருத்தப்படுகின்றன. வரி வரம்பைத் தாண்டிய பகுதிக்கு மட்டும் அல்ல, முழு விலைக்கும். அதனால் வரம்புக்குச் சற்று மேலே விலை வைத்தால், சற்றுக் கீழே விற்றவரைவிட உங்கள் வாடிக்கையாளர் கையில் குறைவாகத்தான் நிற்கும். பெவர்லி ஹில்ஸ், வெஸ்ட் ஹாலிவுட், மாலிபு தனி நகரங்கள், அங்கே இந்த வரி கிடையாது. சன்செட் ஸ்ட்ரிப் சாலை வெஸ்ட் ஹாலிவுட்டில் இருக்கிறது. அதற்கு மேலே மலையில் தெரியும் வீடுகளில் பெரும்பாலானவை லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குள். சில நிமிட கார் பயணத்தில் லட்சக்கணக்கான டாலர் வித்தியாசம். நியூயார்க்கில் ‘மேன்ஷன் டாக்ஸ்’ பொதுவாக வாங்குபவர் கட்டுவது. நகருக்குள் 10 லட்சம் டாலரில் 1 சதவீதத்தில் தொடங்கி, 2.5 கோடியிலிருந்து 3.9 சதவீதம் வரை ஏறும்.

விற்பனை வரலாறு சேர்ந்த பிறகு கேமராவைத் தேடலாம். இரண்டு மூன்று நிமிட வீடியோ ஒன்று தயாரியுங்கள். ஒரு வீட்டை நடந்தபடியே, வெட்டு இல்லாமல், கருத்தோடு காட்டுவதாக இருக்கட்டும். ‘அழகான சமையலறை’ என்பது யாருக்கும் வேண்டாம். ‘இந்தச் சமையலறை விலையை இறக்கும், காரணம் இது’ என்று சொல்பவரைத்தான் தேர்வுக்குழு மறுபடி அழைக்கும். அதன்பின் கேமரா நேர்காணல், பின்னணிச் சோதனை, பெரும்பாலும் மனநல நிபுணர் சந்திப்பு. வில்லி வேஷம் போட்டால் இடம் கிடைக்கும் என்று நினைத்து வருபவர்களை அனுபவமுள்ள தயாரிப்பாளர் எளிதில் கண்டுகொள்வார்.

ஒப்பந்தத்தைப் பொழுதுபோக்குத் துறை வழக்கறிஞரிடமும் உங்கள் புரோக்கரிடமும் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள். எடிட்டிங்கில் உங்களை எப்படி வேண்டுமானாலும் காட்டும் உரிமை தயாரிப்பாளருக்குத்தான், அதை மாற்ற முடியாது. பேரம் பேச வேண்டியது மற்ற இடங்களில்: எத்தனை சீசனுக்கு உங்களைக் கட்டிவைக்கும் உரிமை, வேறு நிகழ்ச்சியில் வரத் தடை, ரகசியம் உடைந்தால் நஷ்டஈடு, நிகழ்ச்சியால் வளரும் உங்கள் தொழிலில் தயாரிப்பாளர் கேட்கும் பங்கு. கடைசியில் சொன்னது கமிஷனைத் தொட்டால் லைசென்ஸ் சட்டச் சிக்கல் வரும்.

வீட்டு உரிமையாளரின் அனுமதிதான் எல்லாவற்றிலும் கடினம். லிஸ்டிங் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதாது, தனி எழுத்து அனுமதி வாங்குங்கள். எந்த அறைகள், சுவரில் தொங்கும் ஓவியங்கள் மறைக்கப்படுமா, குடும்பப் படங்கள், அலாரம் பலகை, கார் எண், முகவரி, திரையில் விலை வரலாமா, ஒளிபரப்பு விற்பனை முடிந்த பிறகுதானா என எல்லாம் அதில் இருக்க வேண்டும். தயாரிப்பு நிறுவனத்தின் காப்பீட்டுச் சான்றிதழில் உரிமையாளரின் பெயரும் சேர்க்கப்பட வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் படப்பிடிப்பு அனுமதியை ஃபிலிம்எல்ஏ கவனிக்கும். பெவர்லி ஹில்ஸும் வெஸ்ட் ஹாலிவுட்டும் தாங்களே தருகின்றன. நியூயார்க்கின் கோ-ஆப் கட்டடங்களில் (குடியிருப்போர் கூட்டாக உரிமை கொண்டவை) நிர்வாக போர்டு மறுத்துவிட்டால் அதோடு சரி.

படப்பிடிப்பில் இரைச்சல் பதிவாகாமல் இருக்க ஏசி, நீச்சல்குள மோட்டார், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் நிறுத்துவார்கள். ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறப்பது அடிக்கடி நடப்பது. அதனால்தான் ஒலிப்பதிவாளர்கள் தங்கள் கார் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடும் வழக்கம் உண்டு. நீங்களும் பின்பற்றலாம்.

மைக் மாட்டியிருக்கும்வரை நீங்கள் பேசுவது பதிவாகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் அழைத்தால் மைக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெளியே போய்ப் பேசுங்கள். உரிமையாளர் எவ்வளவு வரை இறங்குவார் என்பதை நேர்காணல் நாற்காலியில் சொல்லிவிட்டால், அது அவருக்குச் செய்யும் நம்பிக்கைத் துரோகம், லைசென்ஸே போகலாம். கலிஃபோர்னியாவில் தனிப்பட்ட தொலைபேசிப் பேச்சைப் பதிவு செய்ய எல்லாத் தரப்பின் சம்மதமும் வேண்டும். எனவே நிஜ பேரத்தைத் தனியாக முடித்துவிட்டு, கேமராவுக்கு முடிவை மட்டும் சொல்வது நல்லது.

வீட்டைப் பற்றிப் பேசுங்கள், அக்கம்பக்கத்து மனிதர்களைப் பற்றி வேண்டாம். ‘குடும்பங்களுக்கு ஏற்ற இடம்’, ‘நம்மவர்கள் நிறைய இருக்கும் தெரு’ போன்ற சொற்கள் 1968-இன் நியாய வீட்டுவசதிச் சட்டப்படி வழக்காக வரக்கூடியவை, சாட்சியும் நீங்களே நடித்த காட்சிதான். இன்னொன்று: 2024 ஆகஸ்ட் 17 முதல், வீட்டு ஏஜென்ட்களின் அமைப்பான தேசிய ரியல்டர்கள் சங்க வழக்கின் சமரசப்படி, எம்.எல்.எஸ் (ஏஜென்ட்கள் விற்பனை வீடுகளைப் பகிரும் பொதுப் பட்டியல்) அமைப்பில் இருக்கும் ஏஜென்ட், தான் சேவை தரும் வாங்குபவரை வீடு பார்க்க அழைத்துப் போகுமுன் எழுத்து ஒப்பந்தம் போட வேண்டும். காட்சிக்காகத் திடீரென ஒருவரை அழைத்து வந்து சுற்றிக் காட்டுவது இனி அவ்வளவு சுலபம் இல்லை. வீட்டின் முன்னோட்டத்தை இன்ஸ்டாகிராமில் போடுவதும் பொது விளம்பரமாகவே கணக்கிடப்படலாம். உங்கள் எம்.எல்.எஸ் விதியில் அதைப் பதிவு செய்ய எத்தனை நாள் அவகாசம் என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

உடை விஷயம் சுருக்கமாக: பொடிக் கோடு, பொடிக் கட்டம் வேண்டாம், கேமராவில் அலைபோல நெளியும். நேர்காணல் பகுதிகளைப் பல மாதம் விட்டு மறுபடி எடுப்பார்கள். அந்த உடையையும் நகையையும் தனியாக எடுத்து வையுங்கள், தலைமுடியையும் அதுவரை மாற்றாதீர்கள்.

ஒளிபரப்பானதும் செய்திகள் குவியும். பெரும்பாலோர் ரசிகர்கள். வீடு காட்டுமுன் வங்கியின் நிதிச் சான்றும் அடையாள அட்டையும் கேளுங்கள், தனியாகப் போகாதீர்கள். உண்மையான வருமானம் பெரும்பாலும் வேறு ஊர் ஏஜென்ட்கள் அனுப்பும் வாடிக்கையாளர்களிடமிருந்து வரும். அவர்களுக்கு உங்கள் கமிஷனில் சுமார் 25 சதவீதம் தருவது வழக்கம். நிகழ்ச்சி எத்தனை நாள் ஓடும் என்பது உங்கள் கையில் இல்லை. ‘செல்லிங் டாம்பா’ ஒரே சீசனிலும், ‘பையிங் பெவர்லி ஹில்ஸ்’ இரண்டிலும் நின்றன. அதனால் அடுத்த சீசனுக்கு அழைப்பு வருமா என்று தெரியாத மாதங்களிலும் உங்களை வேறு நிகழ்ச்சிக்குப் போகவிடாமல் வைத்திருக்கும் உட்பிரிவுக்கு ஒரு கடைசித் தேதியை, முதல் சீசனுக்குக் கையெழுத்திடும் அன்றே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.