டூயலி பிக்கப்பை ஃபோர் வீல் டிரைவ் ஆக்குவது எப்படி? பழைய செவர்லே சி30ஐ வைத்து ஒரு செய்முறை

பின்னால் நாலு டயர் இருக்கிற வண்டி சேற்றில் மாட்டாது என்று நினைப்பவர்கள் ஒருமுறை மழைக்காலத்து ஒக்லஹோமாவுக்கு வந்து பார்க்கலாம். எங்கள் பக்கத்துப் பண்ணைக்காரரிடம் 1985ஆம் வருடத்து செவர்லே சி30 இருக்கிறது. நாலு கதவு, 454 கன அங்குல வி8 எஞ்சின், பின்னால் இரட்டைச் சக்கரம். அமெரிக்காவில் இந்த மாதிரி வண்டியை 'டூயலி' என்பார்கள். குதிரை டிரெய்லரை மாட்டி நெடுஞ்சாலையில் விட்டால் யானை மாதிரி இழுக்கும். அதே வண்டி ஈரப் புல்வெளியில் காலியாக நின்றால் இருந்த இடத்திலேயே சக்கரம் சுற்றும். பின்பக்கம் எடையே இல்லை. இருக்கிற கொஞ்சநஞ்ச எடையும் நாலு டயருக்குப் பங்கு போவதால், எந்த டயரும் செம்மண்ணைக் கவ்வாமல் மேலேயே வழுக்குகிறது.

போன குளிர்காலம் முழுக்க அந்த வண்டிக்கு முன் ஆக்ஸில் போட்டோம். வார இறுதிகளில் மட்டும் வேலை, நாலு மாதம் ஆனது. கற்றுக்கொண்டதை, பட்ட அடியோடு சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு

உங்கள் டூ வீல் டிரைவ் வண்டியை விற்றுவிட்டு ஃபோர் வீல் டிரைவ் வண்டியாகவே வாங்குவதுதான் பெரும்பாலும் மலிவு. இதைச் சொல்லாமல் செய்முறை எழுதுவது நியாயமில்லை. வண்டி துருப்பிடிக்காமல் நல்ல உடம்போடு இருந்தால், அல்லது அது உங்கள் அப்பா ஓட்டிய வண்டி என்றால், மேலே படியுங்கள்.

தொடக்கநிலைக்காரருக்கு 1973 முதல் 1987 வரை வந்த இந்தச் சதுர முக செவர்லே, ஜிஎம்சி வண்டிகள் நல்ல பாடம். கம்ப்யூட்டர் தொல்லை குறைவு. சி என்றால் டூ வீல் டிரைவ், கே என்றால் ஃபோர் வீல் டிரைவ். ஒரு டன் வகையான கே30 1977இல் வந்தது. 1987இல் சி, கே எழுத்துகள் ஆர், வி என்று மாறின. நாலு கதவு ஒரு டன் வண்டிகள் அந்தப் பெயரில் 1991 வரை ஓடின. இதே வண்டியைத் தொழிற்சாலையே ஃபோர் வீல் டிரைவாகவும் விற்றதால், தேவையான ஒவ்வொரு பாகமும் எங்கோ ஒரு காயலாங்கடையில் கிடக்கிறது.

படி 1: உதிரியாக வாங்காதீர்கள், முழு வண்டியாக வாங்குங்கள்

நான் செய்த முதல் தப்பு இது. மலிவாகக் கிடைத்ததே என்று ஒரு கடையில் டிரான்ஸ்பர் கேஸை (கியர்பாக்ஸின் சக்தியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) மட்டும் தனியாக வாங்கினேன். வார்ப்பிரும்பு உடம்பு, உள்ளே சங்கிலி கிடையாது, முழுக்கப் பல்சக்கரம், லோவில் 1.96 மடங்கு. என்பி205 என்ற இந்த வகைக்கு இந்த ஊரில் மரியாதையே தனி. அறுபது கிலோவுக்கு மேல் எடையுள்ள அதை மூச்சுத் திணற வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால், உள்நுழையும் ஷாஃப்ட்டின் பல் எண்ணிக்கை எங்கள் கியர்பாக்ஸோடு சேரவில்லை. வருடத்துக்கு வருடம், கியர்பாக்ஸுக்குக் கியர்பாக்ஸ் அது மாறும். கடைக்காரர் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. இப்போது அது கொட்டகைக் கதவுக்கு முட்டு.

அதனால் விபத்தில் நொறுங்கிய, அல்லது கேபின் துருவேறிப்போன ஒரு முழு கே30ஐத் தேடுங்கள். முன் ஆக்ஸில், பட்டை ஸ்பிரிங், அதன் தாங்கிகள், எஞ்சினுக்கு அடியில் வரும் குறுக்குச் சட்டம், கியர்பாக்ஸ், டிரான்ஸ்பர் கேஸ், இரண்டு புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஸ்டியரிங் பாக்ஸ், கியர் கம்பி, தரையில் வரும் மூடி என்று எல்லாம் ஒரே வண்டியில் இருக்கும். பிரிக்கும்போது புகைப்படம் எடுத்துக்கொண்டால் அதுவே உங்கள் வரைபடம்.

கே30 என்று விற்பவர் சொன்னால் மட்டும் போதாது. 1981க்குப் பிறகு வந்த வண்டிகளில் 17 இலக்க விஐஎன்னின் (வண்டியின் அடையாள எண்) ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள். கே அல்லது வி இருக்க வேண்டும். அடுத்து, கையுறைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். ஆர்05 என்று இருந்தால் இரட்டைச் சக்கர வண்டி. ஜிடி4 என்றால் ஆக்ஸில் விகிதம் (சக்கரம் ஒரு சுற்று சுற்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது) 3.73, ஜிடி5 என்றால் 4.10, எச்சி4 என்றால் 4.56. ஆனால் நாற்பது வருடத்தில் யாராவது உள்ளே கை வைத்திருக்கலாம், ஸ்டிக்கரை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

படி 2: கிரௌன் பினியன் விகிதம்

இந்தப் பதிவில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஆக்ஸிலுக்குள் ஷாஃப்ட் சுற்றும் சின்னப் பல்சக்கரம் பினியன், அது சுற்றிவிடும் பெரியது கிரௌன். இந்த ஜோடி முன் ஆக்ஸிலிலும் பின் ஆக்ஸிலிலும் ஒரே விகிதத்தில் இருந்தாக வேண்டும்.

எங்கள் டூயலியின் பின்பக்கம் 3.73. வாங்கிய கே30இல் இரண்டு பக்கமும் 4.10. அப்படியே மாட்டினால் என்ன ஆகும்? 235/85ஆர்16 டயரின் சுற்றளவு தோராயமாக 2.53 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் ஏறத்தாழ 395 தடவை சுற்றும். அதே தூரத்துக்கு முன் ஷாஃப்ட் 1,619 சுற்றும், பின் ஷாஃப்ட் 1,473 சுற்றும் வேண்டும். டிரான்ஸ்பர் கேஸ் இரண்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். கிலோமீட்டருக்கு 146 சுற்று வித்தியாசம் எங்கே போகும்? சேற்றில் டயர் வழுக்கிச் சமாளிக்கும். தார்ச்சாலையில் ஏதாவது ஒன்று உடையும்.

விகிதத்தை நீங்களே அளக்கலாம். வண்டியை நியூட்ரலில் போட்டு, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஒரு பக்கப் பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். ஷாஃப்ட்டில் சாக்குக்கட்டியால் கோடு போடுங்கள். தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றிக்கொண்டே, ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணுங்கள். நாலைவிடக் கொஞ்சம் கூட என்றால் 4.10, நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் என்றால் 4.56. இது சாதாரண டிஃபரென்ஷியலுக்கு. இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கர் இருந்தால் ஒற்றைச் சக்கரம் அசையவே அசையாது. இரண்டையும் தூக்கி ஒரு சுற்று மட்டும் சுற்றுங்கள். சந்தேகம் தீரவில்லையா, மூடியைக் கழற்றிப் பல்லை எண்ணுங்கள். கிரௌனில் 41, பினியனில் 10 என்றால் 4.10. பினியனில் 11 என்றால் 3.73. 9 என்றால் 4.56.

நல்ல செய்தி ஒன்று உண்டு. பின்பக்க ஆக்ஸிலைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. சி30க்கும் கே30க்கும் பின்னால் இருப்பது ஒரே குடும்பம்: 10.5 அங்குலக் கிரௌன் கொண்ட '14 போல்ட்'. அதனால் வாங்கிய வண்டியின் 4.10 செட்டை எடுத்து எங்கள் டூயலி ஹவுசிங்குக்குள் போட்டோம். போட்டோம் என்றால், அதற்கென்றே இருக்கிற மெக்கானிக்கிடம் கொடுத்துப் போட்டோம். பல் படியும் தடத்தைச் சாயம் தடவிப் பார்த்து ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) வைப்பது முதல் வண்டியில் பழகுகிற வேலை இல்லை.

படி 3: பழைய முன்பக்கத்தை இறக்குதல்

சி30இன் முன்பக்கம் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகக் கைகள் (கண்ட்ரோல் ஆர்ம்) இருந்து, நடுவே சுருள் ஸ்பிரிங் நிற்கும் அமைப்பு. இந்த வேலை முழுவதிலும் உயிருக்கு ஆபத்தான இடம் இந்தச் சுருள்தான். அழுத்தத்தில் இருக்கும் சுருள் நழுவினால் எதிரில் நிற்பவர் எலும்பு தாங்காது. சுருளைச் சங்கிலியால் சட்டத்தோடு கட்டுங்கள். கீழ்க் கைக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, பால் ஜாயிண்டைப் பிரித்த பிறகு மில்லிமீட்டர் மில்லிமீட்டராக இறக்குங்கள். முகத்தை நேர் எதிரே வைக்காதீர்கள். சேசிஸ் ஜாக்கியில் அல்ல, ஸ்டாண்டில் நிற்க வேண்டும்.

கைகள் போன பிறகு அவற்றைத் தாங்கிய குறுக்குச் சட்டத்தையும் எடுக்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: எஞ்சினும் அதே சட்டத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினை மேலிருந்து கிரேனில் தொங்கவிட்ட பிறகே அதில் கை வையுங்கள். அது இருந்த இடத்துக்கு கே30இன் எஞ்சின் குறுக்குச் சட்டம் வரும்.

படி 4: தாங்கிகளும் டானா 60உம்

கே30இன் முன் ஆக்ஸில் டானா 60. டிஃபரென்ஷியல் குண்டு பயணி பக்கம், அதாவது வலப்பக்கம் இருக்கும். ஃபோர்டின் டானா 60 மலிவாகக் கிடைக்கிறது என்று ஆசைப்படாதீர்கள். அதில் குண்டு ஓட்டுநர் பக்கம், உங்கள் டிரான்ஸ்பர் கேஸோடு நேர்க்கோட்டில் வராது.

பட்டை ஸ்பிரிங்கின் முன்முனை அசையாத தாங்கியிலும் பின்முனை ஷேக்கிளிலும் நிற்கும். தொழிற்சாலையில் இவற்றை ரிவிட் அடித்திருப்பார்கள். ரிவிட் தலையைக் கிரைண்டரால் சீவி, உளியால் தட்டி எடுங்கள். உங்கள் சேசிஸில் ஓட்டை போடுவதற்கு முன், வாங்கிய வண்டியில் தாங்கியிலிருந்து கேபின் முன் போல்ட் வரைக்கும், தாங்கியிலிருந்து தாங்கிக்குக் குறுக்காகவும் அளந்து எழுதுங்கள். மூலைவிட்டம் இரண்டும் சமமாக வராவிட்டால் வண்டி நண்டு மாதிரி கோணலாக ஓடும். நாங்கள் ஒரு சனிக்கிழமை முழுவதும் அளக்க மட்டுமே செலவழித்தோம். ரிவிட்டுக்குப் பதிலாகத் தலையில் ஆறு கோடு போட்ட கிரேடு 8 போல்ட் போடுங்கள். யு போல்ட் எப்போதும் புதிது. ஒருமுறை இழுபட்டதைத் திரும்ப மாட்டாதீர்கள்.

படி 5: டூயலிக்கே உரிய சிக்கல், முன் ஹப்

டூயலி சக்கரத்தை முன்னால் மாட்டினால் நடுப்பகுதி வெளியே பிதுங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே சக்கரத்தைத் திருப்பிப் போட்டால் பின்னால் வெளிச் சக்கரம். ஆறு சக்கரமும் ஒரே மாதிரி இருந்தால் ஒரு ஸ்டெப்னி போதும், அதுதான் வசதி. ஆனால் ஒற்றைச் சக்கர கே30இன் ஹப்பில் இதை மாட்டினால் ரிம் உள்ளே போய் ஸ்பிரிங்கிலும் ஸ்டியரிங் கம்பியிலும் உரசும். எங்களுக்கு அதுதான் நடந்தது. டூயலி டானா 60இன் அகல ஹப்பைத் தேடி வாங்குங்கள். இல்லையென்றால் தரமான எஃகு ஸ்பேசர் போடுங்கள். இரண்டிலும் எட்டு போல்ட், 6.5 அங்குல வட்டம்.

டயர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 215/85க்கும் 235/85க்கும் விட்டம் நாலு சதவீதத்துக்கு மேல் வேறுபடும். ஆறும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானம்.

படி 6: கியர்பாக்ஸ்

ஆட்டோமேட்டிக்கான டிஎச்400 ஆனாலும், கையால் மாற்றும் நாலு கியர் எஸ்எம்465 ஆனாலும், ஃபோர் வீல் டிரைவ் வகையில் வெளிவரும் ஷாஃப்ட் வேறு. அதை மட்டும் மாற்ற முழுப் பெட்டியையும் பிரிக்க வேண்டும். கியர்பாக்ஸும் டிரான்ஸ்பர் கேஸும் சேர்ந்த ஜோடியாகவே மாற்றிவிடுங்கள்.

படி 7: புரொப்பெல்லர் ஷாஃப்ட்

டிரான்ஸ்பர் கேஸ் இடத்தைப் பிடிப்பதால் பின் ஷாஃப்ட் நீளம் குறையும். 164.5 அங்குல வீல்பேஸ் கொண்ட நாலு கதவு வண்டியில் ஷாஃப்ட் இரண்டு துண்டு, நடுவில் பேரிங். முன் துண்டை மட்டும் வெட்டினால் போதும். அளவு எடுக்கும்போது வண்டி ஸ்டாண்டில் அல்ல, தன் சக்கரத்தில் நிற்க வேண்டும். வெட்டி, பற்றவைத்து, பேலன்ஸ் செய்வது ஷாஃப்ட் கடைக்காரர் வேலை.

படி 8: ஸ்டியரிங், பிரேக்

சி30இல் ஸ்டியரிங் கை இடம் வலமாக அசையும். கே30இல் முன்னும் பின்னும் தள்ளி இழுக்கும். ஆகவே பாக்ஸ், கை, கம்பி எல்லாம் மாறும். கே வண்டிகளில் ஸ்டியரிங் பாக்ஸ் உட்காரும் இடத்தில் சேசிஸ் விரிசல் விடுவது பழைய வியாதி. வாங்கிய வண்டியில் அந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள், உங்கள் வண்டியில் மாட்டும்போதே உள்ளே வலுத்தகடு கொடுத்துவிடுங்கள். பிரேக் ஹோஸை, ஆக்ஸில் முழுக்கத் தொங்கும் நிலையில், ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

படி 9: முதல் ஓட்டம்

முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில், டிரான்ஸ்பர் கேஸ் என்று மூன்று இடத்திலும் 80டபிள்யூ-90 கியர் ஆயில் ஊற்றுங்கள். டோ அளவை (முன்சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் அளவு) சரிபார்த்து, முதலில் முன் ஹப்பை 'ஃப்ரீ'யில், அதாவது சக்கரம் ஆக்ஸிலோடு சேராத நிலையில், வைத்து ஓட்டுங்கள். அதிர்வு இல்லையென்றால் சரளைப் பாதைக்குப் போய் 'லாக்'கில் திருப்பி ஃபோர் வீல் போடுங்கள். காய்ந்த தார்ச்சாலையில் வேண்டாம்; வளைவில் முன்னும் பின்னும் வேறு வேறு தூரம் ஓட, நடுவில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லாமல் வண்டி குதிக்கும். நூறு மைல் ஓடியதும் யு போல்ட்களை மறுபடி முறுக்குங்கள். எங்களுடையது எட்டில் ஐந்து தளர்ந்திருந்தது.

கடைசியாக ஒன்று. வண்டி எப்படி மாறினாலும் விஐஎன் இன்னும் 'சி' என்றுதான் சொல்லும். உதிரிபாகக் கடையில் அந்த எண்ணைக் கொடுத்து முன் பிரேக் ஹோஸ் கேட்டால், டூ வீல் டிரைவ் ஹோஸ்தான் எடுத்துத் தருவார்கள். பாகம் கொடுத்த கே30இன் வருடம், விஐஎன், ஆக்ஸில் விகிதம், ஷாஃப்ட் நீளம் நான்கையும் ஒரு தாளில் எழுதி, கையுறைப் பெட்டியில் பழைய ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.