பண்டிகைக் காலத்தில் குடும்பத்தோடு கண்டிக்குச் சென்று சாப்பிட்டுத் திரும்புவது எப்படி?

மலையகத்துத் தோட்டங்களிலும் சிறு நகரங்களிலும் வாழும் குடும்பங்களுக்குப் பண்டிகைக்காலப் பயணம் என்றால் அது பெரும்பாலும் கண்டிப் பயணம்தான். ஹட்டன், தலவாக்கலை, நாவலப்பிட்டி, புசல்லாவை என எங்கிருந்து புறப்பட்டாலும், புத்தாடை உடுத்தி பஸ் ஏறி, நாலு இடங்களைப் பார்த்து, ஒரு வேளை கடையில் சாப்பிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்பதே எல்லோருடைய எண்ணமும். இந்த எண்ணம் குலைவதற்குக் காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றே: பார்க்க வேண்டிய இடங்களை எல்லாம் வரிசைப்படுத்திவிட்டு, சாப்பாட்டை மட்டும் "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். பகல் ஒன்றரை மணிக்குப் பசித்த பிள்ளைகளோடும் கால் வலிக்கும் பாட்டியோடும் பத்துப் பேராகத் தலதா வீதியில் மேசை தேடி அலைய நேர்வது இதனால்தான். எங்கே, எத்தனை மணிக்கு, எந்த வகைச் சாப்பாடு என்பதை முதலில் தீர்மானித்து, பூங்காவையும் கோயிலையும் கடைத்தெருவையும் அதைச் சுற்றி அமைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் வீட்டிலேயே தீர்ந்துவிடும்.

நாளைத் தெரிவு செய்வதிலிருந்து தொடங்குவோம். தீபாவளி அன்றே நகரத்துக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அன்று காலை எண்ணெய் முழுக்கு, கோயில், வீட்டுச் சமையல், உறவினர் வருகை என்று பொழுது போய்விடும். நகரத்தில் உள்ள சைவக் கடைகள் பலவற்றின் வேலையாட்களும் அன்று ஊருக்குப் போயிருப்பார்கள். பண்டிகையை அடுத்து வரும் சனிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ பொருத்தமானது. தோட்டத்தில் தரும் தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் துணிமணிக்கே பெரும்பகுதி செலவாகிவிடுவதால், சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் உரிய பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் துணிக்கடைக்குள் நுழைய வேண்டும். அது முடியாவிட்டால், பத்தாம் திகதிச் சம்பளம் வரும் வரையில் பயணத்தைத் தள்ளிப்போடுவதில் தவறில்லை.

சித்திரைப் புத்தாண்டின் நிலை வேறு. ஏப்ரல் 13, 14 ஆகிய திகதிகளிலும் அவற்றை ஒட்டிய நாட்களிலும் கண்டியின் உணவகங்களில் பெரும்பாலானவை மூடிக் கிடக்கும். திறந்திருக்கும் ஓரிரண்டில் இடம் கிடைப்பது அரிது. அம்மாதம் முழுவதும் நுவரெலியாவில் வசந்தகாலக் கொண்டாட்டம் நடப்பதால், மலர்க் கண்காட்சியையும் குதிரைப் பந்தயத்தையும் பார்க்க விரும்புவோர் அங்கே போகலாம். ஆனால் கொழும்பிலிருந்து வரும் வாகனங்கள் தெருவை நிறைக்கும் நடுப்பகுதியைத் தவிர்த்து, மாதத்தின் முதல் வாரத்திலோ கடைசி வாரத்திலோ போவது நல்லது. பௌர்ணமி நாளான போயா தினங்களில் இறைச்சிக் கடைகள் மூடப்படுவதால், அன்று மரக்கறிச் சாப்பாட்டை மனத்தில் வைத்தே புறப்பட வேண்டும்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களை ஒட்டிக் கண்டியில் இரவில் நடக்கும் யானை ஊர்வலத் திருவிழாவான எசல பெரஹெராவுக்குத் தனித் திட்டம் தேவை. முதல் ஐந்து இரவுகள் கும்பல் பெரஹெரா, அடுத்த ஐந்து இரவுகள் ரந்தோலி பெரஹெரா என்பது வழக்கம். புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்டுள்ள தலதா மாளிகையின் யானைகளைத் தொடர்ந்து நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்களும் வருவதால், முருகனையும் கண்ணகியையும் வழிபடும் நம் குடும்பங்களுக்கும் அது அந்நியமான காட்சியன்று. ரந்தோலி நாட்களில் நடைபாதையில் இடம் பிடிக்க மக்கள் நண்பகல் முதலே உட்கார்ந்துவிடுவார்கள், வீதிகள் மூடப்படும், எழுந்து போனால் இடம் போய்விடும். ஆகவே அன்று உணவகத்தைப் பற்றி நினைக்காமல், இடியாப்பமோ புளிச்சோறோ கட்டிக்கொண்டு போவதே முறை. சிறு பிள்ளைகள் இருந்தால் கும்பல் பெரஹெரா நாட்களில் ஒன்றைத் தெரிவு செய்யலாம்; அலங்காரம் சற்றுக் குறைவாக இருக்கலாம், ஆனால் பிள்ளைகள் மூச்சுத் திணறாமல் யானையைப் பார்ப்பார்கள்.

அடுத்ததாக, குடும்பத்தில் யார் என்ன சாப்பிடுவார்கள் என்பதைப் புறப்படுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். தீபாவளியை ஒட்டிய நாட்களில் இது மிகவும் முக்கியம். கேதாரகௌரி விரதம் ஐப்பசி அமாவாசையோடு நிறைவுபெற, அதற்கு மறுநாளே கந்தசஷ்டி விரதம் தொடங்கிவிடும். மாமாவும் பிள்ளைகளும் கோழி பிரியாணியை நினைத்துக்கொண்டு வர, அத்தையும் பாட்டியும் விரதத்தில் இருப்பார்கள். இரண்டு கடைகளில் பிரிந்து சாப்பிடுவது குடும்பப் பயணத்துக்கு அழகன்று. விரதகாரர் ஒருவரேனும் இருந்தால் எல்லோரும் சைவக் கடைக்குப் போய்விட வேண்டும் என்பது என் கருத்து. தோசையும் பூரியும் நெய் ரோஸ்டும் பிள்ளைகளுக்குப் பிடிக்காதவையும் அல்ல, செலவும் குறையும். கோழியை மாலையில் பார்சலாக வாங்கிப் போகலாம்.

அசைவம் என்று முடிவானால், கண்டியில் முஸ்லிம் உணவகங்களும் பல வகைச் சாப்பாடு தரும் பெரிய உணவகங்களும் நிறைய உண்டு. முஸ்லிம் உணவகங்களில் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தையும், நோன்பு மாதத்தின் பகல் வேளையையும் கருத்திற் கொள்ள வேண்டும். மாட்டிறைச்சி உண்ணாத குடும்பங்கள் கொத்து ரொட்டி கேட்கும்போது இன்னும் ஒரு விடயத்தைக் கவனிப்பது நல்லது. ஒரே இரும்புத் தட்டில்தான் மாட்டுக் கொத்தும் கோழிக் கொத்தும் முட்டைக் கொத்தும் அடுத்தடுத்துப் போடப்படும். தட்டைத் துடைத்துவிட்டுப் போடச் சொன்னால் கொத்து போடுபவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கடையில் நெரிசல் கூடுவதற்கு முன்பே சொல்லிவிட்டால் அது நடக்கவும் செய்யும்.

இனி நாளின் ஒழுங்கைப் பார்ப்போம். காலையில் வீட்டில் கனமாகச் சாப்பிடக் கூடாது. கினிகத்தேனை, இறம்பொடை வளைவுகளில் எண்ணெய்ப் பலகாரமும் பாலும் வயிற்றில் தங்குவதில்லை. பிஸ்கட்டும் பிளேன்டீயும் போதும். கையில் இஞ்சித் துண்டும் இரண்டு பைகளும் இருக்கட்டும். கம்பளை வழியாக வரும் பஸ்கள் பேராதனையைத் தொட்டே கண்டிக்குள் நுழைவதால், முதலில் பேராதனையில் இறங்கித் தாவரவியல் பூங்காவைப் பார்த்துவிடுவது பயணச் செலவையும் நடையையும் மிச்சப்படுத்தும். மகாவலி கங்கை வளைந்தோடும் 147 ஏக்கர் நிலம் அது. முழுவதையும் சுற்ற நினைத்தால் பெரியவர்கள் அங்கேயே களைத்துவிடுவார்கள். புல்வெளியில் கிளை பரப்பி நிற்கும் பெரிய அத்தி மரம், ஓர்க்கிட் மண்டபம், நெடிய பனை வரிசை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். பாட்டியை அத்திமர நிழலில் ஒருவர் துணையோடு உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் சுற்றி வருவது எளிது.

பேராதனையிலிருந்து நகருக்குள் வரும்போது கட்டுக்கலை செல்வ விநாயகர் ஆலயத்துக்குப் போகலாம். கோயில் தரிசனத்தைச் சாப்பாட்டுக்கு முன்னால் வைப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு: மாமிசம் உண்ட பின் நம்மவர்கள் கோயிலுக்குள் போவதில்லை, உச்சிக்காலப் பூசை முடிந்ததும் நடை சாத்திவிட்டால் மாலை வரையில் காத்திருக்க வேண்டும். தரிசனத்தை முடித்துக்கொண்டு பதினொன்றரை மணியளவில் உணவகத்துக்குள் நுழைந்துவிட வேண்டும். இந்த நேரம்தான் முழுத் திட்டத்துக்கும் அச்சாணி. பதினொன்றரைக்கு மேசை கிடைக்கும், சோறு சூடாக இருக்கும், பரிமாறுபவருக்குப் பேசப் பொறுமை இருக்கும். பன்னிரண்டே காலுக்கு மூன்றும் இரா. எட்டுப் பேருக்கு மேல் போவதானால், முதல் நாளே தொலைபேசியில் அழைத்து, தலைக்கணக்கையும் வரும் நேரத்தையும் சொல்லி, மேல் மாடி என்றால் படி எத்தனை என்பதையும் கேட்டுக்கொள்வது நன்று.

கண்ணாடிக் கதவும் குளிரூட்டியும் உள்ள உணவகத்துக்குள் நுழைய நம் பெரியவர்கள் பலர் இன்றும் தயங்குகிறார்கள். விலை தெரியாது, கரண்டியால் சாப்பிடச் சொல்வார்களோ, உடுத்தியிருப்பது போதுமோ என்று பல எண்ணங்கள். குடும்பத்தில் ஒருவர் முன்னால் போய் விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு வருவதும், கை கழுவும் இடம் எங்கே என்று கேட்டு வைப்பதும் அந்தத் தயக்கத்தைப் போக்கும். கையால் சாப்பிடுவதை இங்கே எவரும் குறைவாக நினைப்பதில்லை. பட்டியல் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், என்ன இருக்கிறது என்று வாய்விட்டுக் கேட்பதே சிறந்தது.

விலைப்பட்டியலில் உள்ள தொகைதான் கொடுக்க வேண்டிய தொகை என்று எண்ணிவிடக் கூடாது. பெரிய உணவகங்களில் 10 சதவீதச் சேவைக் கட்டணம் சேர்க்கப்படுவது வழக்கம். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக உள்ளது. பட்டியல் விலைப்படி 6,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால், சேவைக் கட்டணத்தோடு 6,600 ரூபாய் ஆகி, அதன் மேல் வரியும் சேரும்போது 7,788 ரூபாய் வரும். விலையில் இவை அடங்கியுள்ளனவா என்று சாப்பாடு சொல்வதற்கு முன்பே கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சாதாரணக் கடைகளில் இந்தக் கணக்கு இராது. ஆனால் அங்கே உட்கார்ந்தவுடன் கேளாமலே ரோல்ஸ், பற்றிஸ், வடை நிறைந்த தட்டு ஒன்று மேசைக்கு வந்துவிடும். அது இலவசமும் அன்று, முழுவதையும் வாங்கியே ஆக வேண்டும் என்பதும் அன்று. எடுத்ததை எண்ணித்தான் காசு வாங்குவார்கள். பிள்ளைகள் ஆளுக்கு இரண்டு எடுத்துவிட்டால் பின்னால் வரும் சோறு மிஞ்சும் என்பதால், பெரிய சாப்பாடு சாப்பிட வந்தவர்கள் தட்டைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

எவ்வளவு சொல்வது என்பதிலும் நிதானம் வேண்டும். ஒரு முழு ஃப்ரைட் ரைஸ் பெரும்பாலான கடைகளில் இரண்டு பேருக்குத் தாராளமாகக் காணும். பத்துப் பேருக்குப் பத்து என்று சொல்லாமல், முதலில் ஐந்தைச் சொல்லி, போதாவிட்டால் மேலும் கேட்கலாம். பிள்ளைகளுக்கு உறைப்புக் குறைவாகப் போடும்படியும், நீரிழிவு உள்ளவர்களுக்கான தேநீரைச் சீனி இல்லாமல் தரும்படியும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். பலூடாவையும் ஐஸ்கிரீமையும் இங்கேயே முடிக்காமல், மாலையில் வாவிக்கரை நடைக்குப் பின் வைத்துக்கொண்டால் பிள்ளைகள் கடைசி வரையில் முகம் சுளிக்காமல் நடப்பார்கள்.

சாப்பாட்டுக்குப் பின்னான பொழுது தளர்வாக இருக்கட்டும். கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்ட கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807 இல் கட்டுவித்த வாவியைச் சுற்றி நிழல் உண்டு. ஆனால் முழுச் சுற்று 3 கிலோமீற்றருக்கு மேல் என்பதால் பெரியவர்கள் மாளிகைப் பக்கக் கரையோடு நின்றுகொள்வது போதும். தலதா மாளிகைக்குள் போக விரும்புவோர் தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடையை வீட்டிலேயே அணிந்து வர வேண்டும்.

திரும்பும் பஸ்ஸைப் பற்றிக் காலையிலேயே, நகரில் இறங்கும்போது நடத்துநரிடம் கேட்டுவிட வேண்டும்: எங்கிருந்து, கடைசியாக எத்தனை மணிக்கு? அந்தக் கடைசி பஸ்ஸை நம்பாமல் அதற்கு முந்தியதை இலக்காக வைக்க வேண்டும். பண்டிகை வாரத்தில் கடைசி பஸ்ஸில் நிற்கவும் இடம் இராது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பிற்பகல் மழை வழக்கமானது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையைக் காலையில் பார்த்து, பாதையில் உள்ள பிரதேசத்துக்குச் செம்மஞ்சள் அல்லது சிவப்பு எச்சரிக்கை இருந்தால், பயணத்தை அடுத்த வாரத்துக்கு மாற்றிவிட வேண்டும். மேசைக்குச் சொல்லி வைத்திருந்தால் ஒரு அழைப்பில் அதையும் மாற்றலாம்.

வீட்டில் மாட்டையும் கோழியையும் பார்த்துக்கொள்ள நின்றவருக்கான பார்சலைப் பகலில் வாங்கிச் சுமக்காமல், பஸ் ஏறும் முன் சூடாக வாங்க வேண்டும். குழம்பைத் தனிப் பையில் கட்டச் சொன்னால் மூன்று மணி நேரப் பயணத்திலும் கொத்து ஊறிப் போகாது. அந்தப் பார்சல் கால்களுக்கு இடையில் இருக்கட்டும். மேல் தட்டில் வைத்தால், முதல் வளைவிலேயே குழம்பு யாரோ ஒருவருடைய புத்தாடையில் இறங்கிவிடும்.