பிள்ளைகளோடு நகர ஹோட்டலில் தங்கப் போகிறீர்களா? முதல் முறை போகிறவர்களுக்கு ஒரு செய்முறை

குடும்பங்களுக்கு ஏற்றது என்று சொல்லும் எந்த ஹோட்டலின் பக்கத்தைத் திறந்தாலும் நீச்சல் குளம், கிட்ஸ் கிளப் (ஊழியர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு விளையாட வைக்கும் இடம்), விளையாட்டு அறை, கைவினை வகுப்பு, சினிமா இரவு என்று ஒரு நீளமான பட்டியல் வந்து நிற்கும். முதல் முறை போகிறவர்கள் பெரும்பாலும் அந்த நீளத்தைப் பார்த்தே மயங்கிவிடுகிறார்கள். உங்கள் பிள்ளையின் வயதுக்கு, நீங்கள் தங்கும் கிழமையில், நீங்கள் உண்மையிலேயே ஹோட்டலில் இருக்கும் நேரத்தில் அதில் எத்தனை திறந்திருக்கும்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே உள்ள படிகளில் பலவும் அந்தப் பதிலைக் கண்டுபிடிக்கத்தான்.

படி 1: ஹோட்டலில் எத்தனை மணி நேரம் இருப்பீர்கள் என்று கணக்குப் போடுங்கள்

கடற்கரை ரிசார்ட்டுக்குப் போனால் நாள் முழுக்க அங்கேயே கிடக்கலாம். நகர ஹோட்டல் அப்படியில்லை. வெளியே அருங்காட்சியகம், பூங்கா, உறவினர் வீடு, கல்யாணம் என்று ஏதோ ஒரு வேலை இருக்கும். அதனால் முதலில் ஒரு தாளில் நாட்களை எழுதி, எந்த நேரம் வெளியே, எந்த நேரம் உள்ளே என்று தோராயமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

காலை ஒன்பது மணிக்குக் கிளம்பி இரவு எட்டுக்குத் திரும்பும் குடும்பத்துக்குப் பெரிய கிட்ஸ் கிளப் வீண் செலவு. நல்ல படுக்கையும் அமைதியான அறையும் போதும். மதியமே திரும்பிவிடுவோம் என்றால்தான் குளத்துக்கும் விளையாட்டு அறைக்கும் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு அர்த்தம் இருக்கிறது.

படி 2: வார அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள்

இந்தப் படியை அவசரமாகத் தாண்டாதீர்கள். நிகழ்ச்சிகள் நிறைய நடக்கும் ஹோட்டல்களில் வாரத்துக்கான அட்டவணை ஒன்று இருக்கும். முன்பதிவு செய்வதற்கு முன்பே அதை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம், சங்கடப்பட ஒன்றுமில்லை. அட்டவணை கைக்கு வந்ததும் நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது கிழமை. நகர ஹோட்டல்களில் வார நாட்களில் அலுவல் விஷயமாக வருகிறவர்களே அதிகம். அதனால் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளைச் சனி ஞாயிறிலும் பள்ளி விடுமுறையிலும் மட்டும் வைக்கும் இடங்கள் உண்டு. செவ்வாய்க்கிழமை போய் இறங்கினால் பூட்டிய கதவைப் பார்க்க நேரும்.

இரண்டாவது வயது. பல கிட்ஸ் கிளப்புகளில் நான்கு வயதுக்கு மேற்பட்ட, தானாகக் கழிப்பறைக்குப் போகத் தெரிந்த பிள்ளைகளைத்தான் தனியாக விட முடியும். அதற்குக் கீழே என்றால் அப்பாவோ அம்மாவோ கூடவே உட்கார வேண்டும். மேல் வரம்பும் உண்டு. பன்னிரண்டு வயதுப் பையனை வண்ணம் தீட்டும் மேசையில் உட்கார வைத்தால் அவன் முகத்தை அப்புறம் நாள் முழுக்கப் பார்க்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது கட்டணம். எது அறை வாடகையில் அடங்கும், எதற்குத் தனியாகக் கட்ட வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். கிளப்புக்குள் நுழைவது இலவசமாகவும், அங்கே செய்யும் கைவினைப் பொருளுக்குக் காசாகவும் இருக்கலாம்.

நான்காவது இடம். ஒரு வகுப்பில் இத்தனை பேர்தான் என்று வரம்பு இருந்தால், வந்து இறங்கிய பிறகு பெயர் கொடுப்பது தாமதம். முன்கூட்டியே பதிவு செய்ய முடியுமா என்று கேட்டு வையுங்கள்.

இந்த நான்கையும் வடிகட்டினால் இருபது நிகழ்ச்சிகளில் உங்களுக்கு உதவுவது மூன்றோ நான்கோதான் மிஞ்சும். அந்த மூன்று நன்றாக இருந்தால் போதும். ஒப்பிட வேண்டியது அவற்றைத்தான்.

படி 3: வரைபடத்தில் ஹோட்டலைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள்

"மையப் பகுதி" என்ற சொல்லை நம்பிப் பதிவு செய்யாதீர்கள். வரைபடத்தில் ஹோட்டலைக் குறித்து, பக்கத்தில் உள்ள பூங்கா, ரயில் அல்லது பேருந்து நிறுத்தம், மருந்துக் கடை எவ்வளவு தூரம் என்று பாருங்கள். பெரியவர்களுக்குப் பத்து நிமிட நடை சின்னப் பிள்ளையோடு போனால் இருபது நிமிடம். நடுவில் ஆறு வழிச் சாலை இருந்தால் இன்னும் கூடும். தெருக்காட்சிப் படம் கிடைத்தால் நடைபாதை இருக்கிறதா, தள்ளுவண்டி போகுமா என்பதும் தெரிந்துவிடும்.

படி 4: சரியான அறையைத் தேர்ந்தெடுங்கள்

கட்டிலின் அளவிலிருந்து தொடங்கலாம். குயின் என்பது ஏறக்குறைய ஐந்தடி அகலம், கிங் ஆறடியை ஒட்டி வரும். நாட்டுக்கு நாடு சற்று மாறும். கிங் கட்டிலில் பெரியவர் இருவரும் சின்னப் பிள்ளை ஒன்றும் படுக்கலாம். குயினில் மூன்று பேர் என்றால் ஒருவர் தூங்க மாட்டார், அது பெரும்பாலும் அம்மாவாகத்தான் இருக்கும்.

இரண்டு அறை எடுப்பவர்கள் கனெக்டிங் அறைகளையும் அடுத்தடுத்த அறைகளையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கனெக்டிங் என்றால் இரண்டுக்கும் நடுவே உள்கதவு இருக்கும். அடுத்தடுத்த அறை என்றால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், அவ்வளவுதான். போக வர வராந்தாவுக்கு வந்தாக வேண்டும்.

பிள்ளைகளுக்கான கட்டணம் அடுத்தது. இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. 1951-இல் கெம்மன்ஸ் வில்சன் என்ற அமெரிக்கக் கட்டுமானத் தொழிலதிபர், மனைவியோடும் ஐந்து பிள்ளைகளோடும் மெம்ஃபிஸிலிருந்து வாஷிங்டனுக்குக் காரில் போனார். வழியில் விடுதிகள் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகக் காசு கேட்டது அவருக்குப் பொறுக்கவில்லை. 1952-இல் மெம்ஃபிஸில் அவரே ஒரு விடுதியைத் திறந்தார். ஹாலிடே இன் என்ற ஹோட்டல் தொடரின் முதல் விடுதி அதுதான். பெற்றோருடன் ஒரே அறையில் தங்கும் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை என்பது அங்கே விதி. இன்று ஏராளமான ஹோட்டல்களில் அந்தச் சலுகை இருக்கிறது. ஆனால் எந்த வயது வரை, எத்தனை பிள்ளைகளுக்கு என்பது ஒவ்வொரு இடத்திலும் வேறு. தங்குவது இலவசம் என்றால் எக்ஸ்ட்ரா பெட்டும் காலை உணவும் இலவசம் என்று அர்த்தமில்லை. பதிவு செய்யும்போது பிள்ளைகளின் வயதை உள்ளது உள்ளபடி கொடுங்கள். குறைத்துச் சொல்லிவிட்டு ரிசப்ஷனில் நின்று வாதாடுவதில் லாபம் எதுவும் இல்லை.

அறை எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். லிஃப்டுக்கு எதிரே, விழா மண்டபத்துக்கு மேலே, மெயின் ரோட்டைப் பார்த்த கீழ் மாடியில் என்று கொடுத்தால் பிள்ளைகள் தூங்குவது கஷ்டம். உட்புறத்தைப் பார்த்த அறை காட்சிக்குச் சுமாராக இருக்கும், தூக்கத்துக்கு அதுவே மேல்.

படி 5: ஒரு போன் போட்டுவிடுங்கள்

முன்பதிவுத் தளத்தில் "தொட்டில் வேண்டும்", "கனெக்டிங் அறை வேண்டும்" என்று நீங்கள் தட்டச்சு செய்வது வெறும் கோரிக்கை. ஹோட்டல் அதை உறுதி செய்ததாக ஆகாது. கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு ஹோட்டலை நேரடியாக அழைத்துக் கேளுங்கள்:

- தொட்டிலோ எக்ஸ்ட்ரா பெட்டோ எங்கள் பெயரில் ஒதுக்கிவிட்டீர்களா?
- நாங்கள் தங்கும் நாட்களில் குளம் திறந்திருக்குமா? பராமரிப்பு வேலை ஏதும் இருக்கிறதா? தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்குமா?
- குளத்தில் லைஃப்கார்டு உண்டா, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை?
- சீக்கிரம் வந்துவிட்டால் பெட்டிகளை வைத்துவிட்டுக் குளத்தையும் விளையாட்டு அறையையும் பயன்படுத்தலாமா?
- செக்-இன் செய்யும்போது கார்டில் முன்பணம் ஏதும் நிறுத்தி வைப்பீர்களா, எவ்வளவு?

பதில் சொன்னவரின் பெயரைக் குறித்துக்கொண்டு, பேசியதை இரண்டு வரி மின்னஞ்சலாகவும் அனுப்பிவிடுங்கள். போனில் சொன்னது மறந்துபோகும், எழுத்தில் இருந்தால் காட்டலாம்.

படி 6: ஒரு பையை மட்டும் தனியாகக் கட்டுங்கள்

பெரும்பாலான ஹோட்டல்களில் அறை மதியம் இரண்டு அல்லது மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். காலையிலேயே போய்ச் சேரும் குடும்பம் அதுவரை லாபியில் உட்கார்ந்தால் பிள்ளைகள் சோஃபாவில் குதிக்கத் தொடங்குவார்கள். அதனால் நீச்சலுடை, ஒரு மாற்றுத் துணி, சன்ஸ்கிரீன், தேவையான மருந்து, கைக்குழந்தை இருந்தால் நீச்சல் டயப்பர், இவற்றைத் தனிப் பையில் மேலாக வையுங்கள். பெரிய பெட்டிகளை ஹோட்டலில் ஒப்படைத்துவிட்டு நேராகக் குளத்துக்கோ பூங்காவுக்கோ போய்விடலாம்.

படி 7: அறைக்குள் நுழைந்ததும் ஒரு சுற்று

பிள்ளைகள் கட்டிலில் ஏறிக் குதிப்பதற்கு முன் பெரியவர் ஒருவர் அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட வேண்டும். ஜன்னல் எவ்வளவு திறக்கிறது என்று பாருங்கள். அதன் அடியில் நாற்காலியோ மேசையோ கிடந்தால் நகர்த்துங்கள். பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே பத்து சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால், சின்னப் பிள்ளைகள் இருக்கும்வரை அந்தக் கதவு பூட்டியே இருக்கட்டும். அல்லது வேறு அறை கேளுங்கள்.

குளியலறையில் சுடுதண்ணீரைத் திறந்து பாருங்கள். அறுபது டிகிரி செல்சியஸ் தண்ணீர் பெரியவர் தோலையே ஏறக்குறைய ஐந்து நொடியில் கடுமையாகப் பொசுக்கிவிடும். பிள்ளைகளின் தோலுக்கு அவ்வளவு நேரம்கூடத் தேவையில்லை. முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் சுடுதண்ணீர், முழங்கையால் சூடு பார்த்த பிறகே பிள்ளை.

தொட்டில் வந்திருந்தால் மெத்தை கெட்டியாக, சமமாக இருக்கிறதா, ஓரத்தில் இடைவெளி விழுகிறதா என்று அழுத்திப் பாருங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். ஹோட்டல்காரர்கள் அன்பாக வைத்திருக்கும் தலையணை, கனமான போர்வை, பொம்மை எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள்.

மினிபாரை, அதாவது அறையில் காசுக்கு வைத்திருக்கும் பானங்களும் நொறுக்குத் தீனியும் உள்ள சின்ன ஃபிரிட்ஜை, காலி செய்து தரச் சொல்வது நல்லது. சில ஹோட்டல்களில் பொருளை எடுத்தாலே பில்லில் ஏறும்படி சென்சார் வைத்திருக்கிறார்கள். ஒரு பிள்ளை அதை விளையாட்டாக எடுத்து அடுக்கினால் போதும்.

கடைசியாக, வராந்தாவில் அவசர வழி எங்கே என்று பிள்ளைகளோடு நடந்து பார்த்து, நடுவில் எத்தனை கதவுகள் என்று எண்ணச் சொல்லுங்கள். புகையில் கண் தெரியாதபோது அந்த எண்ணிக்கைதான் வழிகாட்டும். தீ விபத்து என்றால் லிஃப்ட் கூடாது, படிக்கட்டுதான் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

படி 8: குளம்

பிள்ளைகள் ஹோட்டலில் அதிக நேரம் செலவழிக்கும் இடம் இதுதான். அதிக கவனம் வேண்டியதும் இங்கேதான். நீரில் மூழ்கி இறப்பவர்களின் விகிதம் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளிடம்தான் மிக அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூழ்கும் பிள்ளை கத்தும், கையை வீசும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் சத்தமே இல்லாமல் நடந்துவிடுகிறது.

எனவே நீந்தத் தெரியாத பிள்ளை உங்கள் கை எட்டும் தூரத்தில்தான் இருக்க வேண்டும், லைஃப்கார்டு இருந்தாலும் சரி. பெரியவர்கள் பலர் சுற்றி உட்கார்ந்திருக்கும்போதுதான் "அவர் பார்க்கிறார்" என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள். ஒருவர் பெயரைச் சொல்லி, "அடுத்த கால் மணி நேரம் நீங்கள்" என்று பொறுப்பைக் கொடுத்து, அவர் கையிலிருந்து போனை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊதிக் கையில் மாட்டும் பலூன் பட்டை விளையாட்டுப் பொருள். உயிர்காக்கும் மிதவை உடையின் இடத்தில் அதை நினைக்கக் கூடாது. நீளமான முடியைக் கட்டிவிடுங்கள். தண்ணீரை உறிஞ்சும் துவாரத்தின் பக்கம் யாரும் போகக் கூடாது.

குளத்தருகே மருந்து வாடை தூக்கலாக அடித்தால் சுத்தமான குளம் என்று நினைத்துவிடாதீர்கள். குளோரின், வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் குளோரமைன்களின் வாடை அது. இறங்குவதற்கு முன் எல்லோரும் ஷவரில் குளிப்பது இதனால்தான். வயிற்றுப்போக்கு இருக்கும் பிள்ளையைக் குளத்தில் விடாதீர்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி, சரியாகக் குளோரின் போட்ட தண்ணீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும்.

படி 9: ஒரு நாளைக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று

காலையில் பிள்ளைகள் தெம்பாக இருக்கும்போது வெளியே ஒரு இடம். மதியம் அறைக்கு வந்து திரைச்சீலையை மூடி ஓய்வு. மாலையில் குளமோ, அட்டவணையில் நீங்கள் குறித்து வைத்த நிகழ்ச்சியோ. இதற்கு மேல் திணித்தால் இரவு அழுகையில்தான் முடியும். பதின்ம வயதுப் பிள்ளைகள் இருந்தால், உள்ளே நடப்பதில் ஒன்றை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். இழுத்துக்கொண்டு போகும் வேலை மிச்சம்.

வெளியே கிளம்பும் முன் ஹோட்டலின் பெயரும் தொலைபேசி எண்ணும் அச்சிட்ட அட்டையைச் சிறியவர்களின் பையில் போட்டுவிட்டு, அன்று உடுத்தியிருக்கும் உடையோடு ஒரு புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் தவறிவிட்டால் சட்டையின் நிறத்தை யோசித்துக்கொண்டு நிற்க வேண்டாம். அறை எண்ணை அட்டையில் எழுத வேண்டாம்.

படி 10: கிளம்பும் நாள்

செக்-அவுட் பெரும்பாலும் பதினொன்று அல்லது பன்னிரண்டு மணி. உங்கள் ரயிலோ விமானமோ மாலையில் என்றால், பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு மதியம் வரை குளத்தையும் விளையாட்டு அறையையும் பயன்படுத்த அனுமதி கேளுங்கள். முந்தின நாள் இரவே கேட்டால் சரி என்று சொல்ல வாய்ப்பு அதிகம். பில்லையும் அன்று இரவே வாங்கிப் படித்துவிடுங்கள். காலையில் கவுன்டரில் வரிசையும் பின்னால் பிள்ளைகளும் நிற்கும்போது வரி வரியாகப் பார்க்க முடியாது.

சார்ஜர் சொருகும் இடங்கள், குளியலறைக் கதவின் பின்பக்கக் கொக்கி, கட்டிலுக்கு அடியில், லாக்கர் எல்லாம் பார்த்தபின் போர்வையையும் விரிப்பையும் ஒரு முறை உதறுங்கள். அதற்குள் சுருண்டு கிடக்கும் பொம்மை விரிப்போடு சலவைக்குப் போய்விடும். வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தால் தாமதிக்காமல் ஹவுஸ்கீப்பிங் பிரிவை அழைத்து, அறை எண்ணையும் தேதியையும் சொல்லி, முடிந்தால் பொம்மையின் படத்தையும் அனுப்புங்கள்.