ஃபைல் சர்வரில் எதையெல்லாம் பேக்கப் எடுப்பது?

ஃபைல் சர்வருக்கு, அதாவது எல்லோருடைய ஃபைல்களும் பொதுவாக இருக்கும் கணினிக்கு, முதன்முறையாக பேக்கப் அமைக்கிறவர்கள் எந்த மென்பொருள், எத்தனை டெராபைட் டிஸ்க் என்றுதான் பேச ஆரம்பிப்பார்கள். அதற்கு முன்னால் எதை எடுப்பது என்று முடிவு செய்துவிடுங்கள்.

1. உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். விண்டோஸில் ட்ரீசைஸ் அல்லது வின்டிர்ஸ்டாட், லினக்ஸில் என்சிடியூ. எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டிவிடும்.

2. ஒவ்வொரு ஃபோல்டரையும் பார்த்து ஒரே கேள்வி கேளுங்கள்: இது அழிந்துபோனால் வேறு எங்கிருந்தாவது திரும்பக் கிடைக்குமா? அளவைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். மென்பொருள் டிஸ்க்கின் நகலான 5 ஜிபி ஐஎஸ்ஓ ஃபைலை மறுபடி டவுன்லோட் செய்துகொள்ளலாம். கணக்குப் பிரிவு வருடக்கணக்காகக் கையால் நிரப்பிவரும் 200 கேபி எக்செல் ஃபைல் போனால் போனதுதான். ஃபோல்டரின் பெயரையும் நம்ப வேண்டாம். ‘டெம்ப்’ என்று பெயர் வைத்துவிட்டு அதிலேயே அன்றாட வேலையைச் செய்கிறவர்கள் உண்டு. சந்தேகம் வந்தால் அதைப் பயன்படுத்துகிறவரிடமே கேட்டுவிடுங்கள்.

3. வேண்டியதை டிக் செய்யாமல், வேண்டாததை மட்டும் விலக்குங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். டிக் செய்த பட்டியல் என்றால், அடுத்த மாதம் யாராவது உருவாக்கும் புது ஃபோல்டர் பேக்கப்பில் வராது. அது வரவில்லை என்பதும் யாருக்கும் தெரியாது. முழு டிரைவையும் சேர்த்துவிட்டு பேஜ்ஃபைல் (மெமரிக்குத் துணையாக விண்டோஸ் வைத்துக்கொள்வது), தம்ப்ஸ்.டிபி (படங்களின் சிறு முன்னோட்டங்கள்), ரீசைக்கிள் பின், இன்ஸ்டாலர்கள் போன்றவற்றை நீக்குங்கள்.

4. கண்ணுக்குத் தெரியாதவற்றையும் சேருங்கள். யார் எதைத் திறக்கலாம் என்ற பெர்மிஷன் இல்லாமல் ஃபைல்கள் மட்டும் திரும்பி வந்தால், அதைச் சரிசெய்வதே பெரும்பாடு. விண்டோஸின் காப்பி கட்டளையான ரோபோகாப்பி தானாகப் பெர்மிஷனை எடுக்காது. அதற்கு ‘காப்பிஆல்’ ஆப்ஷனைத் தர வேண்டும். எந்த ஃபோல்டர் நெட்வொர்க்கில் பகிரப்பட்டிருக்கிறது என்ற ஷேர் விவரங்கள், விண்டோஸில் அதன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும். லினக்ஸில் ஃபோல்டர்களைப் பகிரும் மென்பொருளான சாம்பாவின் எஸ்எம்பி.கான்ஃப் ஃபைலில் இருக்கும். இரண்டுமே சாதாரண ஃபோல்டர் பேக்கப்பில் விட்டுப்போகும். அப்புறம், ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் ஃபைலை அப்படியே காப்பி செய்யாதீர்கள், திறக்காமல் போகலாம். அதன் சொந்த பேக்கப் வசதியால் ஒரு நகல் எடுத்து, அந்த நகலைச் சேருங்கள்.

5. அதிகபட்சம் எவ்வளவு நேரத்து வேலை போனால் சமாளிக்க முடியும் என்று ஒவ்வொரு பிரிவிடமும் கேளுங்கள். ஒரு நாள் என்றால் தினமும் இரவில் எடுத்தால் போதும்.

சரி, பட்டியல் தயார். முதல் பேக்கப் முடிந்ததும் ஒரு ஃபோல்டரை வேறு இடத்தில் ரீஸ்டோர் செய்து, பெர்மிஷனும் சரியாக வந்ததா என்று தெரிய அட்மின் அல்லாத ஒருவரை அவருடைய லாகினில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.