ஹன்ட்ஸ்வில்லில் கடையும் சினிமாவும் ஒரே மாலையில் முடிக்க

அலபாமாவின் ஹன்ட்ஸ்வில்லில் கடைகள் எல்லாம் ஒரே இடத்தில் இல்லை. நெடுஞ்சாலைகளை ஒட்டி ஆங்காங்கே சிதறிக் கிடக்கின்றன. கார் இல்லாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவது சிரமம். அதனால் முதலில் படத்தை முடிவு செய்யுங்கள். அந்தத் தியேட்டர் பக்கத்திலேயே கடையைப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டும் சேர்ந்தே இருக்கும் இடம் பிரிட்ஜ் ஸ்ட்ரீட் டவுன் சென்டர். 2007-ல் திறந்தது, உள்ளேயே சினிமார்க் தியேட்டர் இருக்கிறது. ஆனால் இது திறந்தவெளி வளாகம், ஜூலை வெயிலில் நடக்க ஆகாது. காரைத் தியேட்டர் பக்கமாக நிறுத்துங்கள். வாங்கிய பைகளைப் படத்துக்கு முன்பே காரில் வைத்துவிடலாம், இரவுக் காட்சி முடிந்ததும் கடைகள் மூடிய இருட்டில் வளாகத்தைச் சுற்றவும் வேண்டாம்.

மழையோ வெயிலோ என்றால், மெமோரியல் பார்க்வேயில் உள்ள பார்க்வே பிளேஸ் மால்தான் வசதி. இரண்டு மாடி, ஏசி, பெல்க், டில்லார்ட்ஸ் போன்ற பெரிய கடைகள் எல்லாம் உண்டு; தியேட்டர் மட்டும் கிடையாது. படத்துக்கு அங்கிருந்து ஏஎம்சி வேலி பெண்ட் 18 தியேட்டருக்குக் காரில் போக வேண்டும்.

பழைய ஆட்கள் 'மேடிசன் ஸ்கொயர் மால்' என்று வழி சொல்வார்கள். அது 2017-லேயே மூடியாயிற்று. அந்த இடத்தில் இப்போது மிட்சிட்டி என்ற புது வளாகம். பக்கத்து ஓரியன் திறந்தவெளி அரங்கில் சுமார் 8,000 பேர் கூடலாம், கச்சேரி நாளில் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

விலைச்சீட்டில் வரி சேராது. விற்பனை வரி 9 சதவீதம்: 40 டாலர் சட்டைக்கு பில் 43.60. ஜூலை மூன்றாவது வாரக் கடைசியில் வெள்ளி முதல் ஞாயிறு வரை துணி, பள்ளிச் சாமான்களுக்கு வரி விலக்கு உண்டு. விலை வரம்பு ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி, மொத்த பில்லுக்கு அல்ல.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்குப் படம் தொடங்காது. டிரெய்லர், விளம்பரம் என்று இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும். செவ்வாய்க்கிழமை டிக்கெட் மலிவு, ஏஎம்சியில் அதற்கு உறுப்பினராக வேண்டும். இலவச உறுப்பினர் திட்டமே போதும். பலர் மாட்டிக்கொள்வது குழந்தைகளோடு போகும்போதுதான்: 'ஆர்' (R) என்று வயதுக் கட்டுப்பாடு போட்ட படத்துக்கு 17 வயது நிரம்பாதவர் பெற்றோரோ பாதுகாவலரோ இல்லாமல் நுழைய முடியாது. ஏஎம்சியில் மாலை 6 மணிக்கு மேல் 'ஆர்' படத்துக்கு 6 வயதுக்குக் குறைந்த குழந்தையை, பெற்றோர் கூட இருந்தாலும், விடமாட்டார்கள்.

இங்கே ஓடாத படத்துக்குப் பக்கத்து டென்னசி மாநிலத்தின் சட்டனூகா போகிறீர்களா? அங்கே மணி ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. பயணமும் சுமார் இரண்டு மணி நேரம். அங்கே 6 மணிக் காட்சி என்றால் உங்கள் கடிகாரத்தில் இரண்டரைக்கே கிளம்புங்கள்.