அமெரிக்காவில் லே-ஆஃப் ஆன அனுபவசாலிகள் அன்எம்ப்ளாய்மெண்ட் கிளெய்ம் போடுவது எப்படி

பதினைந்து, இருபது வருடம் சம்பளம் வாங்கியவர்களுக்கு வேலை போனதும், "இந்தப் பணத்துக்கெல்லாம் போய் நிற்க வேண்டுமா?" என்ற தயக்கம் முதலில் வருகிறது. தயங்கவே வேண்டாம். இது இன்சூரன்ஸ் பணம். நீங்கள் வேலை பார்த்த காலமெல்லாம் கம்பெனி இதற்காக வரி கட்டியிருக்கிறது. நியூஜெர்சி, பென்சில்வேனியா, அலாஸ்காவில் ஊழியர் சம்பளத்திலிருந்தும் ஒரு சிறு பங்கு பிடிக்கிறார்கள். இதை வாங்கினால் கிரீன் கார்டு கெட்டுவிடும் என்ற பயமும் வேண்டாம். அரசை அண்டி வாழ்கிறவரா என்று பார்க்கும் 'பப்ளிக் சார்ஜ்' கணக்கில் இது சேராது.

விசாவில் இருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பணம் பெற, சட்டப்படி வேலை பார்க்க அனுமதி இருக்க வேண்டும், தகுந்த வேலையில் சேரத் தயாராகவும் இருக்க வேண்டும் என்பது விதி. கிரீன் கார்டு, எச்-4 இஏடி (எச்-1பிகாரரின் துணைவருக்கான வேலை அனுமதி அட்டை), கிரீன் கார்டு விண்ணப்பத்தின் பேரில் வந்த இஏடி இருந்தால் சிக்கல் குறைவு. எச்-1பி வேலை விசா ஒரே முதலாளியோடு கட்டுண்டது என்பதால் பல மாநிலங்கள் மறுக்கின்றன. வேலை போன பின் நாட்டில் தங்கத் தரும் 60 நாள் அவகாசத்துக்குள் இருக்கும் எச்-1பிகாரர்கள், கிளெய்ம் போடும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எவ்வளவு வரும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் ஏமாற்றம் குறையும். கலிஃபோர்னியாவில் உச்சவரம்பு வாரம் 450 டாலர். ஒரு காலாண்டில் 11,674 டாலருக்கு மேல் சம்பாதித்திருந்தாலே அந்த உச்சத்தைத் தொட்டுவிடுவீர்கள். வருடம் 60,000 வாங்கியவருக்கும் 2,00,000 வாங்கியவருக்கும் அதே 450 தான். ஃபுளோரிடாவில் 275, வேலையின்மை குறைவாக இருக்கும் காலத்தில் 12 வாரத்தோடு முடிந்துவிடும். வாஷிங்டன் மாநிலத்தில் உச்சவரம்பு ஆயிரத்தைத் தாண்டும். வீட்டுக் கடன் முழுவதையும் இது தாங்காது. மளிகைக்கும் மருத்துவ இன்சூரன்ஸுக்கும் கைகொடுக்கும்.

எங்கே, எப்போது போடுவது

குடியிருக்கும் மாநிலத்தில் போடுவதா, வேலை பார்த்த மாநிலத்தில் போடுவதா என்பதில்தான் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்கள் குழம்புகிறார்கள். கம்பெனி உங்கள் பெயரில் எந்த மாநிலத்துக்கு வேலையின்மை வரி கட்டியதோ, அங்கே போட வேண்டும். பே-ஸ்டப்பில் பிடித்தம் எந்த மாநிலத்துக்கு என்று பாருங்கள். டபிள்யூ-2 (கம்பெனி தரும் ஆண்டுச் சம்பள, வரிப் படிவம்) படிவத்தின் 15-ஆம் கட்டமும் ஒரு குறிப்பு தரும். சந்தேகம் இருந்தால் எச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

பெரும்பாலான மாநிலங்களில் வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். நீங்கள் எந்த வாரத்தில் போடுகிறீர்களோ, அந்த ஞாயிறிலிருந்துதான் கிளெய்ம் செல்லும். முந்தைய வாரங்களுக்குத் தேதியைப் பின்னே தள்ளக் கேட்டால் வலுவான காரணம் காட்ட வேண்டும். "வேலை உடனே கிடைத்துவிடும் என்று நினைத்தேன்" என்பதை ஏற்க மாட்டார்கள். ஆகவே வேலை போன வாரத்திலேயே போடுங்கள்.

உட்காரும் முன் இவற்றை எடுத்து வையுங்கள்: சோஷியல் செக்யூரிட்டி கார்டு, டிரைவிங் லைசன்ஸ், கிரீன் கார்டு அல்லது இஏடி, கடைசி 18 மாதத்தில் வேலை பார்த்த எல்லாக் கம்பெனிகளின் சட்டப்பூர்வப் பெயரும் முகவரியும், டபிள்யூ-2, கடைசி பே-ஸ்டப், வேலை நீக்கக் கடிதம், செவரன்ஸ் (வேலையை விட்டு அனுப்பும்போது கம்பெனி தரும் பணம்) ஒப்பந்தம். கம்பெனியின் பெயரை டபிள்யூ-2-வில் இருப்பது போலவே எழுதுங்கள். வெளியே ஊரறிந்த பெயர் ஒன்றாக இருக்கும், சம்பளம் போட்ட நிறுவனம் வேறாக இருக்கும். பெயர் மாறினால் சம்பளப் பதிவு கண்ணில் படாமல் போய், கிளெய்ம் அங்கேயே நின்றுவிடும்.

நம்மவர்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல், சொந்தப் பெயர். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராகி, அது லைசன்ஸில் கடைசிப் பெயராகி, சோஷியல் செக்யூரிட்டி பதிவில் வரிசை மாறிக் கிடக்கும். சிலருக்கு முதல் பெயர் கட்டத்தில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியாது) என்று விழுந்திருக்கும். கணினி பொருத்திப் பார்ப்பது சோஷியல் செக்யூரிட்டி பதிவோடு. அந்த அட்டையில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து, இடைவெளி உட்பட அப்படியே அடியுங்கள். அடையாளச் சரிபார்ப்பில் லைசன்ஸ் ஒத்துப்போகாவிட்டால் பாஸ்போர்ட்டையும் கிரீன் கார்டையும் சேர்த்து அனுப்புங்கள். கிளெய்ம் தவறாகத் தள்ளப்பட்டது என்று நினைத்துப் புதிதாக இன்னொன்று போட்டுவிடாதீர்கள். இரட்டைக் கிளெய்ம் மோசடிக் கொடியைத் தூக்கிவிடும்.

வேலை போன காரணமும் செவரன்ஸும்

காரணம் கேட்கும் இடத்தில் 'லே-ஆஃப் / வேலை இல்லை', 'நீக்கப்பட்டார்', 'ராஜினாமா' என்று சில தேர்வுகள் வரும். பதவியே எடுக்கப்பட்டிருந்தால் முதலாவதைத் தேர்ந்தெடுங்கள். கீழே விளக்கக் கட்டம் இருந்தால் ஒரே வரி போதும்: "பதவி நீக்கப்பட்டது, இன்ன தேதி." மேலாளர் மாறியது, மதிப்பீட்டில் நடந்த அநியாயம் எல்லாம் எழுதினால், படிப்பவருக்கு இது லே-ஆஃப்தானா என்ற சந்தேகம் வந்து விசாரணைக்கு அனுப்பிவிடுவார். அனுபவசாலிகள் அதிகம் சறுக்குவது இங்கேதான். அலுவலகத்தில் முழுப் பின்னணியும் விளக்கிப் பழகிய கை, இங்கேயும் விளக்கத் தொடங்கிவிடுகிறது. கேட்டதற்கு மட்டும் உண்மையான, குட்டையான பதில் சொல்லுங்கள்.

செவரன்ஸ் ஒப்பந்தத்தில் 'தாமாகவே விலகுகிறார்' என்ற சொற்றொடர் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே பாருங்கள். இருந்தால் திருத்தக் கேளுங்கள். பின்னால் கம்பெனி அதைக் காட்டி "அவரே போனார்" என்று பதில் அனுப்ப வாய்ப்புண்டு.

செவரன்ஸ் பணத்தை மாநிலங்கள் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. கலிஃபோர்னியாவில் பொதுவாக அதைச் சம்பளமாக எண்ணுவதில்லை. வாங்கிக்கொண்டே கிளெய்மும் பெறலாம். நியூயார்க்கில் கடைசி வேலை நாளிலிருந்து 30 நாளுக்குள் செவரன்ஸ் வரத் தொடங்கி, வாரக் கணக்கில் அது உச்சவரம்பைத் தாண்டினால் அந்த வாரங்களுக்குப் பணம் கிடையாது. டெக்சாஸில் செவரன்ஸ், கிளெய்ம் பணம் வருவதைத் தாமதப்படுத்தும். ஆனால் வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுத்ததற்காகத் தந்த தொகையை அப்படிப் பார்ப்பதில்லை. எந்த மாநிலமானாலும் கிளெய்மை உடனே போட்டு, செவரன்ஸ் தொகையை மறைக்காமல் எழுதுங்கள். விடுப்புக்கான பணம், போனஸ், செவரன்ஸ் மூன்றையும் கூட்டி ஒரே தொகையாக எழுதாமல் தனித்தனியே காட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் விதி வேறு.

வாராவாரம் சர்டிஃபை செய்வது

கிளெய்ம் போட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துப் பலர் பணத்தை இழக்கிறார்கள். மாநிலத்தைப் பொறுத்து வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லி உறுதி செய்ய வேண்டும். விசாரணையில் கிடந்தாலும், அப்பீலில் இருந்தாலும் இதை நிறுத்தக் கூடாது. மூன்று மாதம் கழித்துத் தீர்ப்பு சாதகமாக வந்தாலும், சர்டிஃபை செய்த வாரங்களுக்குத்தான் பழைய பாக்கி வரும்.

"வேலையை மறுத்தீர்களா?" என்பதற்கு, லிங்க்ட்இன்னில் வந்த ரெக்ரூட்டர் செய்தியைப் பொருட்படுத்தாதது மறுப்பாகாது. குறிப்பிட்ட பதவி, சம்பளத்தோடு வந்த ஆஃபரைத் தள்ளியதுதான் மறுப்பு. "படிக்கிறீர்களா?" என்பது பெரும்பாலும் வேலை தேடுவதைத் தடுக்கும் படிப்பைப் பற்றியது. "சொந்தத் தொழில் உண்டா?" என்ற கேள்வியில் கவனம் தேவை. பக்கவாட்டில் ஒரு எல்எல்சி (சிறு நிறுவனம்) பதிவு செய்து வைத்திருப்பவர்கள் ஏராளம். அதில் வேலை நடந்தால் சொல்லியே ஆக வேண்டும். நியூயார்க்கில் காசு வராத தொழில் வேலையைக்கூடச் சொல்ல வேண்டும்.

பகுதி நேர வருமானத்தை, பணம் கைக்கு வந்த வாரத்தில் காட்டாமல், உழைத்த வாரத்தில், பிடித்தத்துக்கு முந்தைய முழுத் தொகையாகக் காட்டுங்கள். கலிஃபோர்னியாவில் ஒரு வாரத்தில் 200 டாலர் சம்பாதித்தால் கால் பங்கு, அதாவது 50, கணக்கில் வராது. மீதி 150-ஐக் கழித்து 450-க்குப் பதில் 300 தருவார்கள். மறைத்து மாட்டினால் வாங்கியதைத் திருப்பித் தருவதோடு குறைந்தது 15 சதவீத அபராதமும் உண்டு. அது மத்தியச் சட்டம்.

இந்தியாவுக்குப் போவது பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் வாரத்தில் நீங்கள் 'வேலைக்குத் தயார்' கிடையாது. ஊருக்குப் போயிருந்த வாரங்களை அப்படியே சொல்லிவிடுங்கள். அங்கிருந்து லாகின் செய்து சர்டிஃபை செய்தால் ஐபி முகவரியைப் பார்த்தே கணக்கைப் பூட்டிவிடுவார்கள், திறப்பது பெரும்பாடு.

வேலை தேடியதற்கு ஒரு எக்செல் ஷீட் போதும்: தேதி, கம்பெனி, பதவி, விண்ணப்பித்த வழி, பேசியவர், முடிவு. ஃபுளோரிடாவில் பெரும்பாலான மாவட்டங்களில் வாரம் ஐந்து கேட்கிறார்கள். விண்ணப்ப உறுதி மின்னஞ்சல்களைத் தனி ஃபோல்டரில் வையுங்கள். 'ஆர்இஎஸ்இஏ' (வேலை தேடலை ஆய்வு செய்து உதவும் திட்டம்) என்று சந்திப்புக் கடிதம் வந்தால் கட்டாயம் போங்கள். எளிதில் வேலை கிடைக்காது என்று கணிக்கப்படுபவர்களுக்கு இது வரும். தவறவிட்டால் பணம் நிற்கும்.

நின்றுபோனால்

முதலில் வரும் கடிதம் சம்பளக் கணக்கு மட்டும். பணம் தருகிறோம் என்ற முடிவல்ல. அதில் ஒரு காலாண்டு பூஜ்ஜியமாக இருந்தால் பே-ஸ்டப்போடு எழுதுங்கள். மறுப்பு வந்தால் அப்பீல் கெடுவைக் கடிதத்தின் தேதியிலிருந்து எண்ணுங்கள்: டெக்சாஸில் 14 நாள், கலிஃபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் 30 நாள். விசாரணை பெரும்பாலும் ஃபோனில் நடக்கும். நீக்கக் கடிதத்தை முன்கூட்டியே அனுப்பி, கையிலும் வைத்திருங்கள்.

அப்பீலும் இல்லாமல், பதிலும் இல்லாமல் வாரக்கணக்கில் 'பெண்டிங்' என்றே காட்டினால், உங்கள் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு எழுதுங்கள். இது மாநிலத் துறை என்பதால் வாஷிங்டனில் இருக்கும் காங்கிரஸ் உறுப்பினரைவிட இவர்தான் சரியான ஆள். கிளெய்ம் எண்ணின் கடைசி நான்கு இலக்கம், போட்ட தேதி, நின்றுபோன வாரங்கள், பேசிய தேதிகள் ஆகியவற்றை பத்து வரிக்குள் எழுதினால் போதும்.

வரியையும் இப்போதே பார்த்துவிடுங்கள். மத்திய அரசுக்கு முழுத் தொகைக்கும் வரி உண்டு. ஜனவரியில், வாங்கிய தொகையைக் காட்டும் 1099-ஜி படிவம் வரும். கேட்டால் 10 சதவீதம் மட்டும் பிடிப்பார்கள். துணைவரின் சம்பளமும் சேர்ந்து 22, 24 சதவீத அடுக்கில் இருப்பவர்கள் மீதியைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். கலிஃபோர்னியா, நியூஜெர்சி, பென்சில்வேனியாவில் மாநில வருமான வரி இதற்குக் கிடையாது.