மெமரி கார்டில் ஓடும் வீட்டு சர்வர்: கரன்ட் போனாலும் கார்டு சாகாமல் இருக்க

வேளச்சேரியில் மழைக்காலம் வந்துவிட்டால் கரன்ட் நாளைக்கு நாலு முறை கண்ணாமூச்சி ஆடும். வீட்டு நெட்டில் விளம்பரங்களைத் தடுக்கும் பை-ஹோலும், அதற்குப் பின்னால் தளப் பெயருக்கு எண் முகவரி கண்டுபிடித்துத் தரும் (டிஎன்எஸ்) அன்பவுண்டும் ஓடிக்கொண்டிருந்த என் குட்டிக் கணினி ராஸ்பெர்ரி பை 4, இரண்டு வருடத்தில் மூன்று மெமரி கார்டுகளைத் தின்றுவிட்டது. நாலாவது இன்னும் உயிரோடு இருக்கிறது. காரணம், மாதாந்திர அப்டேட் தவிர அதில் எதுவும் எழுதப்படுவதே இல்லை.

கார்டின் ஃபிளாஷ் நினைவகத்தில் ஒரு வரி லாக் (நடப்பதைக் குறித்து வைக்கும் பதிவு) எழுத வேண்டுமென்றாலும், கார்டு உள்ளே ஒரு பெரிய பிளாக்கையே அழித்து மாற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு பிளாக்கும் இத்தனை அழிப்புகளைத்தான் தாங்கும். நடுவில் கரன்ட் போனால் நீங்கள் தொடாத கோப்பும் சேர்ந்து போகலாம்.

ஓஎஸ் போட்டு எஸ்எஸ்ஹெச்சில் (வேறு கணினியிலிருந்து கட்டளை அடிக்கும் வழி) உள்ளே போய்விட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் கார்டு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் 64 ஜிபி என்று சொல்லிக் கொடுத்ததை வாங்கி வந்தேன். கார்டின் உண்மையான கொள்ளளவைக் காட்டும் எஃப்3 கருவியால் சோதித்தால், 8 ஜிபிக்கு மேல் எழுதியது எதுவும் திரும்பி வரவில்லை. எங்கே வாங்கினாலும் எஃப்3 ஓட்டிப் பாருங்கள். நான் வாங்கச் சொல்வது டேஷ்கேமுக்கென்று (கார் கேமரா) வரும், அதிக எழுத்தைத் தாங்கும் எண்டியூரன்ஸ் கார்டுகளை. வேகம் பார்த்து வாங்காதீர்கள், டிஎன்எஸ்ஸுக்கு வேகம் எதற்கு?

அடுத்து, லாக் எழுதும் ஜர்னல்டியின் அமைப்புக் கோப்பில் ஸ்டோரேஜ் வரியை வாலடைல் என்று மாற்றி, ரன்டைம்மேக்ஸ்யூஸ் வரியில் 20 எம்பி என்று வரம்பு வையுங்கள். லாக் இனி ரேமில் மட்டும். ரேம் போதாதபோது கார்டில் எழுதும் ஸ்வாப்பையும் நிறுத்திவிடுங்கள்.

இனி ஓவர்லே. பையின் அமைப்பு மெனுவான ராஸ்பி-கான்ஃபிக்கில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குள் இருக்கிறது. அதைப் போட்டால் கார்டு படிக்க மட்டும்தான். மாற்றங்கள் எல்லாம் ரேமில் தங்கி, ரீபூட்டில் காணாமல் போகும். ஆனால் அவசரப்பட்டு இப்போதே போடாதீர்கள். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான்.

நவம்பரில் ஒரு ராத்திரி கரன்ட் போய் வந்தது. "நெட் இல்லடா" என்று ஹாலிலிருந்து அம்மா குரல். ரவுட்டரில் எல்லா விளக்கும் பச்சை. பையும் பூட் ஆகிவிட்டது. ஒரு மணி நேரம் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டிய பிறகு, தற்செயலாக டேட் என்று அடித்தேன். ஜூலை 14 என்று காட்டியது. வெளியே அடைமழை!

பை 4-இல் கடிகாரச் சிப் கிடையாது. கடைசியாகக் கார்டில் எழுதி வைத்த நேரத்திலிருந்துதான் எழும். நான் ஓவர்லே போட்டது ஜூலை 14. அதற்குப் பிறகு எழுத்தே இல்லை. டிஎன்எஸ் பதில்கள் போலியல்ல என்று அவற்றின் டிஜிட்டல் கையெழுத்தை வைத்துப் பார்ப்பதுதான் டிஎன்எஸ்செக் சோதனை. ஜூலையில் நின்றுகொண்டு நவம்பர் கையெழுத்துகளைப் பார்த்த அன்பவுண்ட், 'இது இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று அந்தச் சோதனையில் எல்லாவற்றையும் தள்ளிவிட்டது. நேரத்தைச் சரிசெய்ய என்டிபி சர்வர் வேண்டும். அதன் பெயரைக் கண்டுபிடிக்க டிஎன்எஸ் வேண்டும். டிஎன்எஸ்ஸுக்குச் சரியான நேரம் வேண்டும். சுற்றிச் சுற்றி அதே இடம்.

தீர்வு ஒரே வரி. நேரத்தைச் சரிசெய்யும் டைம்சிங்க்டியின் அமைப்பில் என்டிபி சர்வரைப் பெயரால் சொல்லாமல் எண்ணால் சொல்லுங்கள்: 216.239.35.0 (கூகுள்), 162.159.200.1 (கிளவுட்ஃப்ளேர்). டிஎஸ்3231 கடிகார மாட்யூல் சொருகினால் இன்னும் நிம்மதி.

இதை முடித்து ரீபூட் செய்து பார்த்த பிறகு ஓவர்லேயைப் போடுங்கள். டிஎஃப் கட்டளையில் ரூட்டுக்கு (/) நேராக ஓவர்லே என்று வந்தால் சரி. அப்டேட் செய்ய வேண்டுமா? ஓவர்லேயை எடுத்து, ரீபூட், அப்டேட், மறுபடி போட்டு இன்னொரு ரீபூட். நான் இப்போது மாதம் ஒரு ஞாயிறு செய்கிறேன்.

பின்சேர்க்கை: 1 ஜிபி ரேம் பை வைத்திருக்கும் ஒருவர், சில வாரத்தில் தன்னுடையது உறைந்து போகிறது என்று எழுதியிருந்தார். பை-ஹோலின் பழைய டிஎன்எஸ் கேள்விகளைச் சேமிக்கும் டேட்டாபேஸ் ரேமிலேயே வளர்ந்துகொண்டிருந்தது. எத்தனை நாள் சேமிப்பது என்று சொல்லும் மேக்ஸ்டிபிடேஸை 0 ஆக்கச் சொன்னேன். ஆக்கினார், ரீபூட் செய்தார், மறுபடி பழைய எண்ணே வந்து நின்றது. ஓவர்லேயை எடுக்காமல் மாற்றியிருக்கிறார்.